ஏரி வளைவில் இறங்கும் கண்ணாடி

எங்கள் மலையூர் மிதெல்ட்டில், டாக்சி நிலையத்துக்குப் பின்னால் மீமூனின் பட்டறை. கார் கதவுகளை மட்டும்தான் பழுது பார்ப்பார். இன்ஜினைக் காட்டினால், "வேற எடம் பாருப்பா, எனக்குக் கதவுதான் தெரியும்" என்று விரட்டிவிடுவார். வாய் நீளம், கை சுத்தம். நான் நிலையத்தில் ஆள் கூப்பிட்டு வண்டி நிரப்புகிறவன். தொண்டை காய்ந்தால் அங்கேதான் எனக்குப் புதினா டீ.

அவர் மனைவி இத்தோ, மலைப்பாதை வளைவிலிருந்து ஏரிக்குள் விழுந்த ஒரு டாக்சியில் செத்துப்போனாள். அந்த வண்டியில் யாருமே பிழைக்கவில்லை. "விழுந்த அடியிலேயே உசுரு போயிருச்சு, அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று ஊரே அவரிடம் சொன்னது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் சாப்பிட்டார், தூங்கினார். வருஷங்கள் கழித்தும் வேலைக்கு நடுவே திடீரென்று, "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்ல?" என்று கேட்பார். "தெரிஞ்சிருக்காதுண்ணே" என்பேன். மறுபடி சுத்தியலை எடுப்பார்.

ஆப்பிள் பூக்கிற சமயத்தில் ஹத்து தன் பழைய டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்பக்க வலது கதவு நசுங்கிப்போய், பழைய கதவு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான்.

"மேஸ்திரி, இது பேய் புடிச்ச கதவு. ஏரி வளைவு வந்தா கண்ணாடி தானா எறங்குது. சவாரியெல்லாம் எறங்கி ஓடுது."

"எவனாவது திருகியிருப்பான்."

"எதை வச்சுத் திருகுவான்? கைப்பிடி என் பையிலதானே இருக்கு!"

அதுவும் சரிதான். எங்கள் டாக்சிகளில் நாலு கதவுக்கும் சேர்த்து ஒரே கைப்பிடி. பிள்ளைகள் திருகி உடைத்துவிடும் என்று ஓட்டுநர் அதைத் தன் ஜிலாபா அங்கிப் பையிலேயே வைத்திருப்பார். காற்று வேண்டுமென்றால் கேட்டு வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கதவில் ஒரு மொட்டை இரும்பு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

மீமூன் தளர்ந்திருந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினார். வண்டி திரும்பி வந்தது. கண்ணாடி ஓடும் தடத்தில் புது ரப்பர் போட்டார். மறுபடியும் வந்தது. கோபம் தலைக்கேறி, கண்ணாடிக்கு அடியில் தேவதாரு ஆப்பு ஒன்றை அடித்து இறுக்கினார்.

"இனி இவன் அப்பன் வந்தாலும் எறங்காது."

மறுநாள் மத்தியானமே ஹத்து வந்துவிட்டான். முகத்தில் ரத்தமில்லை. ஆப்பு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது. அன்று மழையே இல்லை.

மீமூன் கதவின் உள்அட்டையைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரத்தை முழுசாகக் கழற்றினார். கதவின் அடியில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து பாளமாகக் கிடந்தது.

"எங்கடா வாங்கின இதை?"

"மெக்னெஸ்ல, பழைய இரும்புக் கடையில."

மொட்டை முனை பல்சக்கரத்தோடு சேரும் இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. குறடால் இழுத்தார். ஆரஞ்சு நிறக் கம்பளி நூல், இறுக்கிச் சுற்றிய நிலையிலேயே வந்தது. வெங்காயத் தோலில் அந்தச் சாயத்தை ஏற்றியவள் ஊரிலேயே இத்தோ ஒருத்திதான். அவள் முக்காட்டு நூல் அது. தண்ணீருக்குள், கைப்பிடி இல்லாமல், மொட்டை முனையில் முக்காட்டைச் சுற்றித் திருகிப் பார்த்திருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாகச் சொல்கிற பொய் வரவில்லை.

"விழுந்த அடியில சாகல" என்றார் மீமூன். நூலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ தெறந்துக்கிட்டே இருந்திருக்கா. நான்தான்டா ஒவ்வொரு தடவையும் அடைச்சேன். ஆப்பு வேற அடிச்சேன்."

"கதவைத் தூக்கி எறிஞ்சிருவோம் மேஸ்திரி" என்றான் ஹத்து.

"வாய மூடு. மாட்டிட்டு ஏரி வளைவுக்குப் போறோம்."

பல்லுக்குப் பல் கிரீஸ் தடவி எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஹத்துவின் பையிலிருந்த கைப்பிடியைப் பிடுங்கி அந்த முனையில் பொருத்தி, கழற்ற முடியாதபடி ஆணி அடித்தார். வெயில் இருக்கும்போதே கிளம்பினோம். பின்சீட்டில் கதவோரம் அவர், பக்கத்தில் நான்.

வளைவு வந்தது. தண்ணீர் தெரிந்தது. மீமூன் கைப்பிடியைத் திருக ஆரம்பித்தார். கண்ணாடி பாதி இறங்கியிருக்கும். கைப்பிடி அவர் விரல்களிலிருந்து நழுவி, தானாகவே சரசரவென்று சுற்றியது. அவ்வளவு அவசரம் அதற்கு.

"தள்ளி உக்காரு. வழி விடு" என்று என்னை நெருக்கிக்கொண்டு சீட்டில் ஒடுங்கினார்.

ஈரத் துணி ஒன்று என் முழங்கால் மேல் இழுபட்டு, ஜன்னல் வழியே வெளியே போனது. சேற்று வாசனை அடித்தது. மீமூன் வாய்விட்டு அழுதார்.

ஹத்து திரும்பிப் பார்க்காமலே கேட்டான். "மேஸ்திரி... ஏரி இந்தப் பக்கம் ஆழமாச்சே?"

"அதுக்கென்னடா" என்றார் மீமூன். "அவ நல்லா நீந்துவா."