ஒரு விளைமீனும் மூன்று படங்களும்

கண்காட்சிக்குப் படம் கொடுக்க நாளைதான் கடைசி நாள். மூன்று மாதமாக எனக்கு ஒரு படமும் சரிவரவில்லை.

இன்று காலை குருநகர் சந்தையில், வழமையாக எனக்கு மீன் விற்கும் அக்காவிடம் ஒரு விளைமீன் வாங்கினேன். சமைக்க அல்ல, வரைய என்றதும் சிரித்தார்.

"படத்தைக் கீறிப்போட்டுக் கொண்டந்து காட்டும் பிள்ளை."

மீனை மேசையில் வைத்து முதலில் பென்சிலால் வரைந்தேன். பிடிக்கவில்லை. ஆத்திரத்தில் அதன் குறுக்கே கோடு இழுத்துவிட்டேன். பிறகு மையால் வரைந்தேன். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியாகக் கலர் பென்சில். செவுளுக்குச் சிவப்பு பொருந்தவேயில்லை, மண்ணிறத்துக்கு மாறினேன்.

பின்னேரம் மூன்றையும் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"குறுக்கை கோடு போட்டிருக்கிறதுதான் நல்ல மீன். மையாலை கீறினதுக்குக் கண் குழிவிழுந்திட்டுது, உந்த மீனைப் பொரிச்சுத்தான் தின்னலாம்."

கலர்ப் படத்தைத் தள்ளிப் பிடித்தார்.

"உந்த மீனை நான் பூனைக்கும் போடமாட்டன். ஏன் பிள்ளை, மீனை ஐஸிலை வைக்கேல்லையே?"

வைக்கவில்லை. ஆறு மணித்தியாலம் மேசையிலேயே கிடந்தது.

என் கைதான் பிழை என்று நான் திருத்தத் திருத்த, மீன் பழுதாகிக்கொண்டு இருந்திருக்கிறது. நானும் அதை அப்படியே வரைந்திருக்கிறேன். ஆனால் கண்காட்சியில் அக்காவா வந்து நிற்கப்போகிறார்? மற்றவர்களுக்கு அது வரையத் தெரியாத ஒருத்தி வரைந்த மீன்.

வீடு முழுக்க நாற்றம். நாளைக்கு எதைக் கொடுக்க, சொல்லுங்கள். பழுதான மீனையா, நானே கோடு போட்டு வெட்டிவிட்ட நல்ல மீனையா?