ஒரு எண்ணுக்கு ஐந்து பேர்

மருத்துவமனையின் சீட்டு ஜன்னலில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இந்த வருடம் சீட்டை நிறுத்திவிட்டார்கள். செல்போன் ஆப்பில் பதிவு செய்தால்தான் டாக்டரைப் பார்க்கலாம். மற்றவர்களைத் திருப்பி அனுப்புவதே அவள் வேலையாகிப் போனது.

“எங்கிட்ட பட்டன் போன்தாம்மா இருக்கு” என்றார் மூச்சிரைத்துக்கொண்டு வந்த கொத்தனார் ஒருவர். முடியாது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. தன் போனிலேயே பதிந்து கொடுத்தாள். விஷயம் பரவி, மறுநாள் ஜன்னலை மொய்த்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளோடு அவள் எண் முடங்கியது. மாதத்துக்கு ஒரு எண்ணில் ஐந்து பேர்தானாம். காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று ஒவ்வொருவரிடமும் போனைக் கைமாற்று வாங்கினாள். பத்தே நாளில் எல்லா எண்ணும் தீர்ந்தது.

மேலாளரிடம் போனாள். “சார், பாதிப் பேருக்கு அந்த மாதிரி போனே இல்ல. கையால சீட்டு எழுத விடுங்க.”

“புகாரை ஆப்புலயே போடுங்கம்மா. அப்பதான் மேல போகும்.”

“அந்த ஆப்புதான் சார் புகாரே!”

“அதையும் அதுலயே எழுதுங்க.”

திரும்பி வந்தால் ஜன்னல் முன் பதினோரு பேர் நின்றார்கள். பதிவு செய்தவர்களில் பலர் வராததால் டாக்டர் அறை வாசலில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு பேரையும் அழைத்துப்போய் அவற்றில் உட்காரவைத்தாள்.

“லிஸ்ட்ல பேர் இல்லையேக்கா” என்றாள் நர்ஸ்.

“பேர் இல்லன்னா என்ன, ஆள் இருக்காங்கல்ல?”

டாக்டர் மூன்று பேரைப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் பதிவு செய்துகொண்டு வரட்டும் என்றார். அதையும் அவளேதான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.