அக்கா உப்பை வெளியேற்றிய நாள்

எலிக்காய்ச்சல் வந்து என் மகனுடைய சிறுநீரகம் சில நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. இப்போது தேறிவிட்டான், மீ கோரேங் நூடுல்ஸ் கேட்டு நச்சரிக்கிறான். நான்தான் இன்னும் தேறவில்லை. அன்று டயாலிசிஸ் அறையில் தாதிப் பெண் விளக்கினாள்: "இந்தக் குழாய்க்குள்ள பொடிப்பொடி ஓட்டைங்க அங்கிள். கழிவு சின்னது, நுழைஞ்சு வெளிய போயிடும். ரத்த அணு பெரிசு, உள்ளயே நிக்கும் லா."

"நல்லதும் சேர்ந்து போயிடாதாம்மா?" என்று நான் மறுபடி மறுபடி கேட்டதில், அவள் நோயாளியை விட்டுவிட்டு எனக்கு நாற்காலி போட்டாள்.

இயந்திரம் கழுவும் மருந்தில் ஒரு புளித்த வாடை. உட்கார்ந்ததும் என் மூக்கு நேராகக் கேமரன் மலைக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குப் போய்விட்டது.

எழுபதுகளின் கடைசி. முனியாண்டி கோயிலில் காலையிலேயே கிடா வெட்டியாயிற்று. மதிய விருந்துக்கு ரசம் எங்கள் வீட்டு முறை. அம்மா உப்புப் போட்டதைப் பார்க்காமல் சித்தியும் போட்டுவிட்டார். மலையில் பிறந்து கடலையே பார்த்திராத எங்களுக்கு அதன் தண்ணீர் எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து வேட்டித் துணிதான். மழைக்குச் செம்மண்ணாய் வரும் குழாய்த் தண்ணீரானாலும் தூள் தேநீரானாலும், துணியில் வடித்தால் தெளிந்துவிடும். அம்மா வேட்டியை நாலாய் மடித்து ரசத்தை வடித்தார். தக்காளித் தோல் தங்கியது, உப்பு தங்கவில்லை. எட்டாய் மடித்தார்.

படிவம் ஐந்து, அதாவது பதினோராம் வகுப்பு, முடித்திருந்த அக்கா சிரித்தாள். "கரைஞ்ச உப்புக்கு அந்தத் துணி ஓட்டை லோரி போற கேட்டு மாதிரிம்மா."

"பெரிய டாக்டரு! நீ எடுடி பாப்போம்."

"எடுத்தா ஈப்போவுக்கு அனுப்புவீங்களா?"

அதுதான் வீட்டில் ஓயாத சண்டை. அக்காவுக்கு மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் தங்கி ஆறாம் படிவம் படிக்க ஆசை. அம்மாவுக்கு அவளைக் கொழுந்து பறிக்க அனுப்பி, சீக்கிரம் கட்டிக்கொடுக்க ஆசை. விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா நிமிராமலே, "எடுத்தா போகட்டும்" என்றார்.

அக்கா கிடாவின் குடலில் ஒரு முழம் கேட்டு வாங்கிக் கழுவினாள். அதற்குள் ரசத்தை ஊற்றி, இரு முனையையும் கட்டி, வாளித் தண்ணீரில் போட்டாள். "உப்பு சின்னது, குடல் ஓட்டையில நுழைஞ்சு வெளிய வந்துடும். பருப்பு பெரிசு, வராது."

"வெளிய வந்தது திரும்பி உள்ள போயிடாதா?" என்றார் சித்தி.

"போகும் சித்தி. அதான் தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும்."

மலைக்குளிரில் தண்ணீரை மாற்றி மாற்றி அக்காவின் கை சிவந்தது. குடல் மட்டும் சுகமாகப் பருத்துக்கொண்டே வந்தது. மதியம் அவிழ்த்தாள். அம்மா ஒரு கரண்டி நாக்கில் விட்டு யோசித்தார்.

"உப்பு போச்சு. புளியும் போச்சுடி! இது ரசமில்ல, ஆட்டு வாடை அடிக்கிற பருப்புத் தண்ணி."

புளிப்பும் சின்னதுதான் என்பதை அக்கா மறந்திருந்தாள். முகம் தொங்கிப்போயிற்று. அப்பா கரண்டியை வாங்கிச் சப்புக்கொட்டினார்.

"பந்தயம் உப்புக்கா, புளிக்கா? அனுப்பி விடு லா."

இதற்கிடையில் சித்தி சத்தமில்லாமல் அண்டாவில் தண்ணீரும் புளியும் ஊற்றிப் பெருக்கி, விருந்தைச் சமாளித்துவிட்டார்.

அக்கா போனாள், ஈப்போவிலேயே ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். லயம் இருந்த இடத்தில் இப்போது ஸ்ட்ராபெரிக் கூடாரங்கள். ஆனால் எங்கள் வீடு அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. அக்கா பஸ் ஏறிய மறுநாள், "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வழக்கம்போல் குரல் கொடுத்தார். பதிலுக்குச் சண்டை போட அக்கா இல்லை. சற்றுப் பொறுத்து, இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்தார்.