தலை தூக்கி நின்ற புழுக்கள்

தேனீ வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கான இணையக் குழு அது. சென்னையில் கணினி வேலையை உதறிவிட்டு, கருங்கல் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு தேன்பெட்டிகள் வைத்த அதே வாரம் சேர்ந்தேன். யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் போடுவேன். தேனடையைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் போட்டால் சிவப்பு இதயங்களாக வந்து குவியும். அம்மாவிடம் காட்டுவேன்.

"இதயத்த வச்சு என்ன எளவு செய்ய? தேன் வரட்டு பிள்ளே, பாப்பம்" என்பாள்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது நான் தேன் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் வாய் பேசாமல் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இதற்கிடையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் விளைச்சலைக் காணிக்கையாக்கி ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு முதல் பாட்டில் தேனைத் தருவதாகவும் அவள் சொல்லி வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு பெட்டியில் ஈக்கள் குறைந்து சோர்ந்தது. சோர்ந்த பெட்டியின் அடையைத் தெம்பான பெட்டியில் வைத்து, அங்கிருந்து நல்ல அடை ஒன்றை இங்கே மாற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். நோஞ்சான் பிள்ளையை நாலு நாள் சித்தி வீட்டில் விட்டுத் தேற்றுவது மாதிரி. நான் சுறுசுறுப்புக்காரி ஆயிற்றே. ஒன்று சோரச் சோர மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு காலையில், இருப்பதிலேயே பலமான பெட்டியைத் திறந்தேன். அறைகளுக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய புழுக்கள் விறைத்துத் தலை தூக்கி நின்றன. ஈர்க்குச்சியால் ஒன்றை எடுத்தேன். தண்ணீர் நிரம்பிய சின்னப் பை மாதிரித் தொங்கியது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த விளையில் பெட்டி வைத்திருக்கும் அண்ணனிடம் ஓடினேன். "நமக்க பெட்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல, கேட்டியா" என்று பைக்கைக் கிளப்பினார். நோய் என்று வெளியே தெரிந்தால் அந்த ஆளிடம் ஈக்குடும்பம் வாங்க யாரும் வர மாட்டார்கள். அதனால் இங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு வேறு போக்கில்லை. குழுவில் படத்தைப் போட்டேன். மஞ்சள் புகை போடு என்றார் ஒருவர். பூண்டுச் சாறு என்றார் இன்னொருவர். துளசி, வேம்பு, சீனிப்பாகில் மாத்திரை. எல்லாவற்றையும் செய்தேன். புழுக்கள் நின்றுகொண்டேதான் இருந்தன. பெட்டிப் பக்கம் போகவே கால் வரவில்லை.

அப்போதுதான் ஒரு குரல் பதிவு வந்தது. அஞ்சுகிராமத்தில் முருங்கைத் தோட்டத்துக்குள் பெட்டி வைத்திருப்பவள். என் வயதுதான் இருக்கும்.

"ஏட்டி, மறைக்காம சொல்லு. அடைய மாத்தி வச்சியா?"

"வச்சேன்."

"எத்தன பெட்டிக்கு?"

"எல்லாத்துக்கும்."

அடுத்த பதிவு நீளமாக வந்தது: "நாசமாப் போச்சு. போன வருசம் நானும் இதத்தான் செஞ்சேன். மொத்தமும் போச்சு. இது வைரசுட்டி, அடையோட கூடவே எல்லாப் பெட்டிக்கும் போவும், மருந்தே கெடையாது. புழு இருந்தாத்தான் அதுக்கு வாழ்வு. ராணியக் கூண்டுல அடைச்சு முட்டையிட விடாத. புழு அடை அத்தனையும் எரி."

"உயிரோட உள்ளதும் இருக்கே."

"அதையுந்தான்."

என்னால் முடியவில்லை. இரண்டு நாள் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாம் நாள் அவளே நாகர்கோவிலில் பஸ் மாறி வந்து இறங்கினாள், பை நிறைய ராணிக்கூண்டுகளோடு. எங்கள் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவளும் வேலைய விட்டுட்டு வந்தவதானா மக்களே?"

"இல்லம்மா, எனக்கு வேலையே கெடைக்கல" என்றாள் அவள்.

ராணிகளை அவள் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துப் படித்துக்கொண்டேன். தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டி அடைகளைப் போட்டு எரித்தோம். உருகிய மெழுகு வாடையில் ஈக்கள் எங்கள் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தன, தங்கள் பிள்ளைகளைத் தேடி. அம்மா வாசலிலிருந்து, "கர்த்தாவே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கரிக்குழியைப் படமெடுத்து, நான் செய்த தப்பையும் எழுதிப் போட்டேன். ஒரு இதயமும் வரவில்லை. ஆனால் தனிச்செய்திகள் வந்தன. எனக்கும் இப்படித்தான், எனக்கும் என்று, எங்கெங்கோ இருந்து. கடைசியில் ஒன்று, அடுத்த விளை அண்ணனிடமிருந்து: "மக்கா, ராணியப் பிடிக்க எனக்கும் ஒண்ணு காட்டித் தருவியா?"

போனேன். அவர் பெட்டிகள் என்னுடையவற்றைவிட மோசம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சமயத்தில் தவித்திருக்கிறோம். ஒருவர் தவிப்பு இன்னொருவருக்குத் தெரிய, கையளவு போன் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. ராணிகளைத் திறந்துவிட்ட பிறகும் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மாசி வந்தது. ரப்பர் மரங்கள் செம்புத் தளிர் விட்டன. தோட்டமெங்கும் தளிர்க் காம்புகளில் தேன் சுரந்து நின்றது, எடுக்கத்தான் ஈயில்லை. மிஞ்சியது ஒரே பெட்டி.

அதைத் திறக்கும்போது அஞ்சுகிராமத்துக்காரி வீடியோவில் இருந்தாள். "வெயிலுக்குக் காட்டுட்டி, ஒண்ணும் தெரியல."

காட்டினேன். அறைக்கு ஒன்றாக, துருவிய தேங்காய் வெள்ளையில், சுருண்டு படுத்திருந்தன புழுக்கள். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

பின்னால் அம்மா வந்து நின்றாள். "தேன் உண்டா?"

"இல்லம்மா. இந்த ராணிக்க பிள்ளையளுக்கு நோயத் தாங்குத பலம் இருக்கும் போல. அத வச்சுப் புதுசாப் பெட்டி பெருக்கணும். குழுவுல எல்லாரும் கேக்காங்க."

"அவங்க கேப்பாங்க. ஏலத்துக்கு நான் என்னத்தக் கொண்டு குடுப்பேன்?"

"யம்மா, ஒரு சாக்கு முருங்கைக்கா கொண்டாறேன்!" என்று போனிலிருந்து கத்தினாள் அவள்.

"ஆமா, முருங்கைக்காய ஏலத்துல எடுக்க ஆளு வரிசையில நிக்கான்."

சொல்லிவிட்டு அம்மா திரும்பி நடந்தாள். ரயிலைப் பற்றி அன்று அவள் பேசவில்லை. நாளைக்குப் பேசினாலும் பேசுவாள். நான் பெட்டியை மெதுவாக மூடி, மேலே கல்லை வைத்தேன்.