வெள்ளிக்கிழமை அவதி

1. ஒரு பையனும் அவன் அப்பாவும்

வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடித்தபோது, மூன்றாம் வகுப்பு தமிழ் டிவிஷனில் ஒரே ஒரு பையன் இருந்தான். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

தங்கையின் பிரசவத்துக்காக நான் நாகர்கோவில் போய்விட்டு, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மலையாளம் டிவிஷனில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வழக்கம்போல் கேட்டது. பள்ளிக்கூடம் நடக்கிறது. என் வகுப்பு மட்டும் காலி.

நின்றிருந்தவர் சங்கரலிங்கம் பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“டீச்சரம்மா, தப்பா நெனைக்கப்படாது. இன்னைக்கு என்ன அவதி?” என்று கேட்டார்.

“அவதியா?”

“பய சிலேட்டுல எழுதிட்டு வந்திருக்கான். வெள்ளிக்கெழம அவதின்னு. திங்கக்கெழமையே எழுதியாச்சு. அதுலயிருந்து வீட்டுல அவளுக்குச் சோறு எறங்கல. காலராவா, அம்மையா, போயிக் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிச்சா. வாரதுக்கு முன்னாலயே அவதிக்கு நாள் குறிக்கிற பள்ளிக்கூடத்த நான் பாத்ததில்ல.”

பையன் சிலேட்டைக் காட்டினான். அம்மா அழிக்க விடாததால் வாரம் முழுவதும் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறான். முன்பக்கத்தில் இருந்தது இது:

‘தமிழ் வேண்டும் ரட்சகர்த்தாக்கள் நேரில் வந்து ஒப்பிடவும். வெள்ளிக்கிழமை அவதி.’

“ரட்சகர்னா சாமிதான? சாமி எங்க வந்து, எதோட எத ஒப்பிடுவாரு?” என்றார் பிள்ளை. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

2. வாரக் குறிப்பு

இந்த இடத்தில் எங்கள் முறையைச் சொல்ல வேண்டும்.

கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் எலிமெண்டரி ஸ்கூலில், வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் திங்கட்கிழமை கடைசி பீரியடில் கரும்பலகையில் எழுதுவோம். பிள்ளைகள் அதைச் சிலேட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் காட்டுவார்கள். வீட்டில் படித்த பிறகு மஷித்தண்டுச் செடியின் தண்டை ஒடித்துத் தேய்த்து அழித்துவிடலாம். மலையாளத்தில் ஹெட்மாஸ்டர் எழுதித் தருவார். தமிழ் டிவிஷனுக்கு நான் தமிழில் எழுதுவேன். கஞ்சி குடிக்கப் பலா இலை கொண்டுவரவும். புதன்கிழமை அம்மை குத்த ஆள் வருவார், கை இறுகிய சட்டை வேண்டாம். வியாழன் நகம் பார்க்கப்படும். இப்படி நான்கைந்து வரிகள்.

நான் ஊரில் இல்லாத அந்தத் திங்கட்கிழமை, குறிப்பை பாஸ்கரன் சார் எழுதினார். அவர் மலையாளம் டிவிஷன் ஆசிரியர்; டிரில் மாஸ்டரும் அவர்தான். தமிழ் எழுத்து அவருக்கு மணிமணியாக வரும். எழுத்து தமிழாக இருந்தது. வார்த்தைகள் மலையாளமாகவே நின்றுவிட்டன. மலையாளத்தில் ரட்சகர்த்தா என்றால் பிள்ளையின் பொறுப்பாளர். ஒப்பிடுவது என்றால் கையெழுத்துப் போடுவது. கரமனைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டும் தெரியும். சிக்கல் மூன்றாவது வார்த்தையில். அவதி என்றால் மலையாளத்தில் கெடு என்றும் பொருள், விடுமுறை என்றும் பொருள். பாஸ்கரன் சார் நினைத்தது கெடு. கரமனைப் பிள்ளைகள் படித்தது விடுமுறை; வீட்டாரும் கையெழுத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். திருநெல்வேலிக்காரர் மட்டும் அதைத் தமிழாகப் படித்தார்.

கெடு எதற்கு என்றால், அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பில் தமிழ் டிவிஷன் வேண்டுமானால் இருபது பிள்ளைகளின் வீட்டார் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தால் பிள்ளைகளை மலையாளத்தில் சேர்த்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பியூன் பேப்பரை மேலாபீசுக்கு எடுத்துக்கொண்டு போவார். என் வகுப்பில் மொத்தமே இருபத்துமூன்று பேர். அதில் மூன்று பேர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார்கள்.

அதுவரை ஒரு கையெழுத்தும் விழவில்லை. சங்கரலிங்கம் பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னேன்.

“இவ்வளவுதானா?” என்று பெருமூச்சு விட்டு முதல் கையெழுத்தைப் போட்டார். “அவகிட்டப் போயி மொதல்ல சொல்லணும். உப்புமா கிண்டச் சொல்லுதேன்.”

3. விசில்

ஹெட்மாஸ்டருக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம். எங்களோடு பேசும்போது தமிழ்தான் பேசுவார். அவர் பேசினால் அது பாதித் தமிழ்.

“வாரம் முழுக்க ஒருத்தரும் ஒப்பிட வந்நில்லல்லோ என்று நானும் விசாரிச்சு, டீச்சரே. நம்மட ஆளுகள் கடைசி நாள்தான் வரும், அது பதிவுதானே என்று விட்டேன்” என்றார். அவருக்கு விசாரிப்பது என்றால் நினைப்பது, பதிவு என்றால் வழக்கம்.

பாஸ்கரன் சாரைக் கூப்பிட்டார். சிலேட்டைப் பார்த்த பாஸ்கரன் சாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

“இதில் என்ன தெற்று, என்ன தப்பு? அவதி என்றால் அவதிதானே?”

“எந்த அவதி?” என்று கேட்டேன்.

அவர் சிலேட்டை மறுபடி படித்தார். “அய்யோ” என்றார். பிறகு, “பிள்ளைகள் எல்லாம் எங்கே?” என்றார்.

மார்ச் மாதம். நல்ல வெயில். லீவு என்று நம்புகிற பையன்கள் எங்கே இருப்பார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. இருவரும் ஆற்றுப் படித்துறைக்குப் போனோம். என் வகுப்பில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தது. என்னைக் கண்டதும் சிலர் முங்கிக்கொண்டார்கள். பாஸ்கரன் சார் சட்டைப்பையிலிருந்து டிரில் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பழக்க தோஷம், அத்தனை பேரும் கரையேறி, துண்டும் கோவணமுமாக, உயர வரிசைப்படி நின்றார்கள்.

“இன்னிக்கு அவதிதானே சார்?” என்று ஒருவன் கேட்டான்.

“அவதிதான். உனக்கல்ல, எனிக்கு” என்றார் பாஸ்கரன் சார். “ஓடு. வீட்டில் போயி அச்சனையோ அம்மையையோ உடனே ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு வா. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளிடமும் சொல்லணும்.”

அப்பாக்கள் அந்த நேரத்தில் சர்க்கார் கச்சேரியிலோ கடையிலோ இருப்பார்கள். வரப்போவது அம்மாக்கள். ஆகவே ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன்.

“அம்மா கையெழுத்துப் போட்டால் செல்லுமா சார்?”

அவர் சர்க்குலரை எடுத்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். இதுவரை அந்தக் கட்டத்தில் அப்பாக்கள் பெயர்தான் இருந்திருக்கிறது. சர்க்குலரில் அப்பா என்று எங்கும் இல்லை.

“ரட்சகர்த்தா என்றுதான் இருக்கு. பிள்ளைக்குச் சோறு போடுகிறது ஆர்?”

“அம்மா.”

“அப்போ அவர்தான் ரட்சிக்கிறது. மேசையை வராந்தாவில் போடச் சொல்லும்.”

4. வராந்தாவில்

பதினொன்றரைக்கு முதல் அம்மா வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், தலையில் துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்தவர்கள். இவர்களில் பலர் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது அன்றுதான். அக்கிரகாரத்து மாமிகள் ஒரு பக்கமும், வெள்ளாளர், செட்டியார் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். பேச்சு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே போய்வந்தது.

“என் புள்ள லீவுன்னு சொல்லி, காலையில எட்டு தோச தின்னான்.”

“எங்காத்துல கோவிலுக்குப் போகணும்னு சட்டை எல்லாம் தோச்சு வெச்சாச்சு, கேட்டேளா. ஆராட்டு உற்சவமோன்னு நெனச்சேன்.”

“பாஸ்கரன் மாஷ் எழுதினதாக்கும். தமிழ் எழுதத் தெரியாட்டா என்னத்துக்கு எழுதணும்?”

பாஸ்கரன் சார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பேனாவில் மை ஊற்றிக் கொடுத்தார்.

மூன்று மணிக்குப் பத்தொன்பது ஆயிற்று. மிச்சம் ஒருவர், விசாலம் மாமி. அவருடைய பையன் மணி, ஆற்றில் முங்கிக்கொண்டவர்களில் ஒருவன். மாமி நெடுநேரமாகத் தூணோரம் நின்று மற்றவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை நீட்டினேன்.

“மேசையில வையுங்கோ, எடுத்துக்கறேன்” என்றார். வைத்தேன். எடுத்துக்கொண்டார். போடவில்லை.

“டீச்சர், இவன் அப்பா வந்திருந்தா கண்ணை மூடிண்டு தமிழ்னு போட்டுட்டுப் போயிடுவார். அவர் படிச்ச பாஷை. அவருக்கு உத்தியோகம் ஆயாச்சு. இவன் வளந்து கச்சேரிக்குப் போனா அங்க மலையாளத்துலன்னா பேசுவா, எழுதுவா? இவன் அங்க போயி என்ன பண்ணுவான்?”

“தமிழ் டிவிஷனிலும் மலையாளம் ஒரு பாடமாக உண்டு மாமி. எழுதப் படிக்க வரும். அவர்கள் அளவுக்கு வேகமாக வராது” என்றேன். அதுதான் உண்மை நிலவரம்.

“உங்க பொண்ணு எதுல படிக்கறா?”

ஹெட்மாஸ்டர் சர்க்குலரை மடித்துக்கொண்டிருந்தவர் மடிப்பதை நிறுத்தினார்.

“மலையாளத்தில்” என்றேன். “வஞ்சியூரில், அவள் அப்பா ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளியில். அங்கே தமிழ் டிவிஷன் கிடையாது. இருந்திருந்தால் எதில் சேர்த்திருப்போம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.”

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பத்தொன்பது கையெழுத்தும் வீணாகப் போகிறது என்று நினைத்தேன். பியூன் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

மாமி பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வேற யாராவதா இருந்தா, தமிழ் தாய்மொழி, அது இதுன்னு பிரசங்கம் பண்ணியிருப்பா” என்றார். “இவன் ஆத்துல ராத்திரி சாப்பிடறச்சே நீங்க சொன்ன கதையைத்தான் சொல்றான். அதைத் தமிழ்லதான் சொல்றான். மலையாளத்துல சொன்னா எனக்குப் பாதிதான் புரியும்.”

குனிந்து எழுதினார். விசாலாட்சி என்று முழுப் பெயர். நிதானமாக, ‘ட்’டுக்குப் புள்ளி வைத்து எழுதினார்.

“ஆனா ஒண்ணு. உங்க தமிழுக்கு ஒரு வருஷம் அவதி தந்திருக்கேன், கேட்டேளா. ஒரே வருஷம். அப்புறம் பாத்துச் சொல்றேன்.”

கெடுவை நீட்டித் தருவதையும் இங்கே அவதி தருவது என்றுதான் சொல்வார்கள். அன்று அந்த வார்த்தைக்கு நான் கேட்ட நான்காவது பொருள் அது. பாஸ்கரன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பியூன் நாலு மணிக்குப் புறப்பட்டார்.

5. அதற்குப் பிறகு

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பலகையில் நாம் எழுதுவதை வீட்டார் யாரும் பார்ப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த பொருளில் படித்து, கை வலிக்காத அளவுக்குச் சுருக்கி எழுதிக்கொண்டு போவதைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே திங்கட்கிழமை மணி அடித்ததும் நான் வாசலில் நிற்பேன். ஒவ்வொரு பிள்ளையும் சிலேட்டைக் காட்டி, அதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். கெடு என்றால் ‘கடைசி நாள்’, விடுமுறை என்றால் ‘லீவு’ என்று எழுதினேன். அவதி என்ற வார்த்தையைப் பிறகு என் பலகையில் எழுதியதில்லை. இதனால் திங்கட்கிழமைகளில் வீட்டுக்குப் போகத் தாமதமாகும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

நான் லீவில் போனால் தமிழ்க் குறிப்பு எழுதுவதைப் பாஸ்கரன் சார் விட்டுவிடவில்லை. எழுதிவிட்டு, சங்கரலிங்கம் பிள்ளையின் பையனைக் கூப்பிட்டு, “இதைக் கண்டால் உன் அம்ம பயப்படுமோ?” என்று கேட்பார். பயப்பட மாட்டாள் என்று அவன் சொன்ன பிறகே மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

அடுத்த ஆண்டு நானும் அவர்களோடு நான்காம் வகுப்புக்கு வந்திருந்தேன்; அதே மார்ச் மாதம், ஐந்தாம் வகுப்புக்குக் கையெழுத்து வாங்கும் வாரம் வந்தது. திங்கட்கிழமை காலை, நான் பலகையில் ஒரு எழுத்தும் எழுதுவதற்கு முன்னால், விசாலம் மாமி வராந்தாவில் நின்றிருந்தார்.

“குறிப்பு இன்னும் போகவில்லையே மாமி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.”

“இவன் சிலேட்டை நம்பிண்டு நான் ஆத்துல உக்காரவா? பேனாவை வையுங்கோ.”

வைத்தேன். தமிழ் என்ற கட்டத்தில் விசாலாட்சி என்று எழுதினார், புள்ளியும் வைத்தார். மணி அந்த ஆண்டு வகுப்பில் இரண்டாவதாக வந்திருந்தான். அதை நினைத்துக்கொண்டு, இனி ஹைஸ்கூல் வரைக்கும் தமிழ்தானே என்று கேட்டேன்.

“ஒரு வருஷம்தான்” என்றார் மாமி, பேனாவை மேசையில் திருப்பி வைத்துவிட்டு. “அவதியெல்லாம் ஒரேயடியாத் தரப்படாது, டீச்சர். அப்புறம் நீங்க நன்னாச் சொல்லிக்குடுக்க மாட்டேள்.”