ஒன்றும் நடக்காத ஊரிலிருந்து போடிமெட்டுக்கு

தேவாரம் பக்கம் ஒரு ஊரின் மலையோரத்தில் யானை இறங்காமல் இருக்கச் சூரியசக்தி வேலி போட்டிருக்கிறார்கள். அதனால் பலன் உண்டா என்று அளப்பது என் வேலை. வேலி வந்தபின் பயிர்ச்சேதம் குறைந்தது என்பது மட்டும் போதாது. அந்த வருஷம் யானையே குறைவாக வந்திருக்கலாம். அதனால் வேலி இல்லாத பக்கத்து ஊரையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் முன்பு எப்படி, பின்பு எப்படி என்று ஒப்பிட்டேன். வித்தியாசம் பிரமாதமாக வந்தது. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசாகச் சனிக்கிழமை போடிமெட்டு கிளம்பினேன்.

தேவாரத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் காலை 5.45க்குப் போடியில் ஏறினேன். 27 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு, நூறு ரூபாய். உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பேர். "நெருக்கி உக்காருங்கக்கா, இன்னும் ரெண்டு பேரு வரணும்" என்றார் டிரைவர். அந்த ஜீப்புகளுக்கு மனசு பெரிசு!

மூன்றாவது வளைவிலேயே என் பக்கத்து அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். "பேச்சியம்மா மலைக்குப் புதுசு" என்று மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "எங்க ஊருல வந்து கேள்வி கேட்டவுகதான தாயி?"

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான். மக்காச்சோளம் போட்டிருந்தவர். அறுப்பு நேரத்தில் இங்கே என்ன என்று கேட்டேன்.

"எங்கிட்டு அறுக்க? அவுகளுக்கு வேலி போட்டாகல்ல, கரண்டுக்குப் பயந்து யானை எங்க பக்கம் திரும்பிருச்சு. வெள்ளாமை பூராம் போச்சு. அடுத்த வெதப்புக்குள்ள வேலி வரலன்னா நெலத்தத் தரிசாப் போட்டுட்டு இந்த ஜீப்புதேன்."

எவ்வளவு சேதம் என்று கேட்ட நான், ஏன் என்று கேட்கவே இல்லை. வேலி இல்லாத ஊரில் சேதம் கூடினால் இரண்டு ஊருக்குமான வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். அப்படி அவருடைய நஷ்டத்தையும் சேர்த்து வேலியின் வெற்றியாக எழுதி வைத்திருக்கிறேன்.

"ஒங்க தாளுல எங்க ஊருக்கு என்ன பேரு தாயி?"

"ஒப்பீட்டு ஊர்க்கா. திட்டம் வராத, ஒண்ணும் நடக்காத ஊர்."

"ஒண்ணும் நடக்கலயாம்ல!" என்று பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது. வெட்கத்தில் குனிந்திருந்த என் கையில் அந்த எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். அந்த நிமிஷம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

7.10க்குப் போடிமெட்டு. பதினைந்து ரூபாய் டீயோடு கடை பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தேன். நல்லவேளையாக, யானை திரும்ப முடியாத தூரத்து ஊர்களின் தகவலும் கையில் இருந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் வேலிக்குப் பலன் உண்டு, ஆனால் நான் கொண்டாடிய அளவு இல்லை. வேலியைப் பேச்சியம்மா ஊர்வரை நீட்ட வேண்டும் என்றும் எழுதினேன். மலையில் மஞ்சுமூட்டம் விலகியதைக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களேம்மா" என்று சொல்லித்தான் திங்கட்கிழமை அதிகாரி அறிக்கையை வாங்கிக்கொண்டார். வேலியை நீட்டுவது பற்றிப் பதில் இன்னும் வரவில்லை.

போகிறவர்கள் ஐந்தரைக்கே வந்து நில்லுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், சாப்பாடு மேலே போய். கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு அக்கா ஏறினால் ஓரத்து இடத்தை அவருக்கு விடுங்கள். அவர் ஏறவே இல்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேலி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இந்தத் தடவை, ஏன் வரவில்லை என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.