சாதுவின் கூண்டில் துடுக்கை விட்டவன்

அந்த எலிகளின் இரத்தத்தைக் கலந்தவன் நான். சௌம்யா அல்ல. நான்தான்!

ஆறு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் கண்ணை மூடினால் இதுதான் முதலில் நெஞ்சில் வந்து நிற்கும். வேறு எதையாவது வேண்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்...

நான் பத்தாவது வரை படித்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தார். வீடு ஐதராபாத்தில், மல்காஜ்கிரியில். அந்த ஊரிலேயே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், எலிகளை வளர்க்கும் கட்டடத்தில் எனக்கு வேலை. தீனி, தண்ணீர், கூண்டு கழுவுதல். காலையில் குளித்து விபூதி பூசிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அவருடைய வாகனத்துக்கே சேவகம் செய்யப் போகிறேன் என்று பெருமைப்பட்ட காலமும் உண்டு.

எங்களிடம் இரண்டு இனங்கள் இருந்தன. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவந்த கண். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கையை விட்டால் தெரியும். ஒன்று, மூடியைத் திறந்ததுமே மூலையில் ஒடுங்கிக் கல்லாய்ச் சமைந்துவிடும். மற்றது எழுந்து நின்று என் கையுறையை மோந்து பார்க்கும். கூண்டில் தொங்கும் கார்டில் அவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர். என் வாயில் அவை சாது, துடுக்கு.

ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே ஆள். குணம் மட்டும் ஏன் வேறு? அதைத்தான் சௌம்யா ஆராய்ந்துகொண்டிருந்தாள். செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பெண், டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். எனக்குப் புரியும்படி ஒருநாள் விளக்கினாள். அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்து இருபது தலைமுறைக்கு மேல் வளர்த்திருக்கிறார்களாம். அதனால் ஓர் இனத்து எலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சாது ஏன் பயப்படுகிறது என்று கேட்டால், பதில் அதன் இரத்தத்திலேயே இருக்கும். வெளி இரத்தம் ஒரு சொட்டு கலந்தாலும் ஆராய்ச்சி போச்சு.

அண்ணனையும் தங்கையையும் ஒரு கூண்டில் விடுவது யார் என்கிறீர்கள்? நான்தான். விட்டுவிட்டுக் கார்டில் எழுதுவேன். வாரக் கடைசியில் சௌம்யா கையெழுத்துப் போடுவாள். முதலில் கூண்டைத் திறந்து பார்த்துப் போட்டாள். பிறகு என்னை நம்பிப் பார்க்காமலே போட்டாள்.

பல வருடம் அந்த வேலையைச் செய்தேன். மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. என் மகள் மீனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வரை...

மீனாவுக்கு அப்போது மூன்று வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பரிசோதனை எல்லாம் முடித்து, காது கேட்காது என்றார் டாக்டரம்மா. பிறகு மெதுவாகக் கேட்டார், கல்யாணம் சொந்தத்திலா என்று. நான் தலையை ஆட்டினேன். என் மனைவி கோமதி என் கூடப்பிறந்த அக்காவின் மகள். இரத்தம் நெருங்கினால் இப்படி வர வாய்ப்பு அதிகம் என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கோமதி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"மாமா, நம்ம தப்பா?"

நான் மீனாவை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஜோடி சேர்க்கும் நாள். சாதுவில் ஒரு பெட்டை மூலையில் ஒடுங்கியிருந்தது. அதன் அண்ணனைக் கையில் எடுத்தேன். விட மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ! அப்படியே எதிர்வரிசைக்குப் போனேன். துடுக்கில் ஆண்கள் மட்டும் இருந்த ஒரு கூண்டைத் திறந்தேன். ஒன்றை எடுத்தேன், இதை அங்கே விட்டேன். அந்தத் துடுக்கைச் சாதுப் பெட்டையோடு சேர்த்தேன். கார்டில் அண்ணனின் எண்ணையே எழுதினேன்.

பாவத்திலிருந்து இரண்டு உயிரைக் காப்பாற்றியதாக நினைத்தேன். அன்று மாலை பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்! எலிக்கு ஏது பாவம்? என் வீட்டில் திருத்த முடியாததை அந்தக் கூண்டில் திருத்தப் பார்த்தேனா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஒன்பது குட்டிகள். கொழுகொழுவென்று வளர்ந்தன. அவற்றின் குட்டிகள்தாம் சௌம்யாவின் சோதனைக்குப் போயின. பாதி வெளிச்சம், பாதி இருட்டாக ஒரு பெட்டி. சாது என்றால் இருட்டை விட்டு வெளியே வராது. இவற்றில் சில வந்தன. வெளிச்சத்தில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டன.

அவள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இந்த சாதுங்க ஏன் இப்டி பண்ணுதுங்க? கேஜ் ஏதாவது மாறிடுச்சா?"

"இல்லம்மா. நான் எதுக்கு மாத்தப்போறேன்? கார்டுல என்ன இருக்கோ அதான்."

அவள் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாள். "இவ்ளோ விபூதி வெச்சுக்கிட்டு நீங்க பொய் சொன்னா அப்புறம் உலகத்துல யாரைத்தான் நம்புறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சொன்னால் வேலை போகும். மீனாவின் காதுக் கருவியும் பயிற்சியும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. அது காரணம்தான். ஆனால் அவள் அப்படிச் சிரித்த பிறகு, நான் பொய்யன் என்று அவளுக்குக் காட்ட வெட்கமாக இருந்தது. இதுதான் உண்மை.

வால் நுனியை நறுக்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரத்தம் கலந்திருக்கிறது என்று வந்தது. சௌம்யாவின் பேராசிரியர் கார்டுகளைக் கேட்டார். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. கதவுக்கு வெளியே வாளியோடு நான் நிற்க, உள்ளே அவர் குரல் கேட்டது. நான்கு வருட வேலை வீண், பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்றார். அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை.

வெளியே வந்தவள், "நான்தான் பாக்காம விட்டுட்டேன் போல, அண்ணா," என்றாள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலப்படமான சாதுக்களை எல்லாம் முடித்துவிடச் சொன்னார்கள். வாயுப் பெட்டியில் போடுவதும் என் வேலைதான். ஐந்து ஐந்தாகப் போட்டேன். பிறகு எதிர்வரிசைக்குப் போனேன். துடுக்குகள் எல்லாம் எழுந்து என் கையை மோந்தன. ஒன்று மட்டும் மூலையில் ஒடுங்கியிருந்தது. நான் மாற்றி வைத்த அண்ணன்! அதை யாரும் கேட்கவில்லை. விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். ஆனால் அது சாட்சி... அதையும் எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

சௌம்யா படிப்பை விட்டாள். கொண்டாப்பூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாளாம். எலியோடு சம்பந்தமில்லாத வேலை.

முன்பெல்லாம் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். மீனாவோடு பேசுவதற்காகவே கைமொழி கொஞ்சம் கற்றுக்கொண்டாள். மீனா அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். மூக்கருகே இரண்டு விரலை மீசைபோல் ஆட்டினால் 'எலி அக்கா' என்று அர்த்தம்.

மீனாவுக்கு இப்போது ஒன்பது வயது. போன விநாயக சதுர்த்தியன்று கொழுக்கட்டைத் தட்டை வைத்துக்கொண்டு என் சட்டையை இழுத்தாள். மூக்கருகே இரண்டு விரலை ஆட்டினாள். பிறகு கையை விரித்தாள். எலி அக்கா ஏன் வருவதே இல்லை?

கோமதி அடுப்படியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நான் சொன்னதில்லை.

அப்போதுதான் பிள்ளையாரைக் கும்பிட்டு இறக்கிய கைகளால் 'அக்காவுக்கு நிறைய வேலை' என்று காட்டினேன்.

மீனா என் கைகளையே பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.